ஏழாம் தூண் கொடுத்த புகார்

மங்கையர்க்கரசியின் மகள் நப்பின்னையின் வளைகாப்புக்கு மூன்று மணி நேரம் இருக்கையில், அடுக்ககத்தின் ஏழாம் தூண் தனக்கு விரிசல் விழுவதாகப் புகார் கொடுத்தது. தூணுக்குள் ஓடும் கண்ணாடி இழைக்கு, மனிதக் காதுக்கு எட்டாத கீறல் ஒலியும் கேட்டுவிடும். விதிப்படி, கீழ்த்தளத்துக் கார் நிறுத்தத்தின் கதவு தானே பூட்டிக்கொண்டது. பந்தல், நாற்காலி, புளிசாதம் எல்லாம் உள்ளே, மங்கையர்க்கரசி வெளியே.

"இத்தனை வருஷம் சும்மா நின்ன தூணுக்கு இன்னைக்குத்தான் நோவு வரணுமா?" என்று, வந்து சேர்ந்த பரிசோதகர் தாவீதிடம் பாய்ந்தாள்.

"இருங்கக்கா, அது என்ன சொல்லுதுன்னு கேப்போம்." இழையில் பதிந்த ஒலியைக் காதுக்கு எட்டும்படி சுருதி இறக்கி, தாவீது ஒலிபெருக்கியில் விட்டார். 'கீச்... கீகீச்...' என்று அது ராகம் இழுத்தது.

"விரிசல் பாடாதுக்கா. தூணடிப் பொந்துல ஆண் சுண்டெலி இருக்கு. ஜோடி தேடிப் பாடுது."

ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நப்பின்னை சிரித்தாள். "உங்க மாப்ள எனக்காக ஒருநாளும் பாடினதில்லம்மா!"

அறிக்கையில் விரிசல், துரு, சுமை, பிற என்று நான்கே கட்டங்கள். தாவீது முகத்தில் சலனமே இல்லாமல் 'பிற' என்ற கட்டத்தில் 'காதல்' என்று எழுதினார். கதவு திறந்தது. வளைகாப்பு ஜோராக நடந்தது. பொந்தின் வாசலில் நப்பின்னை ஒரு பிடி புளிசாதமும் ஒரு பச்சை வளையலும் வைத்தாள்.

நான்காம் வாரம் அறிவிப்புப் பலகை அலறியது: 'ஏழாம் தூணில் ஆறு புதிய விரிசல்கள். மிகச் சிறியவை. உடனே வெளியேறவும்.'

யாரும் வெளியேறவில்லை. மங்கையர்க்கரசி வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்தாள்.

"நம்மள முந்திக்கிட்டாங்கடி," என்றாள் மகளிடம்.