யார் கொடுத்த பச்சை?

நமுனுகுல தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவின் சுவர் முழுக்கப் பச்சைக் கைத்தடங்கள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் காத்தமுத்து உள்ளே பாய்ந்து வந்தார். பச்சை எதிர்ச் சங்கத்தின் நிறம். அவரை மறுபடி தலைவராக்க நாளை கமிட்டி கூடுகிறது.

“பச்சப் பெயின்ட் யாரு குடுத்தா டீச்சர்? மறைச்சா வேலை போயிரும்.”

“யாரும் குடுக்கலீங்க,” என்றாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தவமலர்.

அலுமாரி, தொட்டில், பாய் எல்லாவற்றையும் புரட்டினார். பச்சை டின் கிடைக்கவில்லை.

“எங்க ஒளிச்சு வச்சிருக்க?”

“நம்ம சங்க ஆபீசுக்கு அடிச்சு மிஞ்சினதுன்னு நீங்க குடுத்த நீலமும் மஞ்சளுந்தாங்க. ரெண்டையும் கலந்தா பச்ச. புள்ளைங்களுக்கு அதத்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“யாருக்குக் காது குத்துற?”

இரண்டையும் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பச்சை ஏறியது.

தலைவரைத் தேடிக் கமிட்டிக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். பிறகு அவர் கையைப் பார்த்தார்கள்.

“எத்தன நாளா இது, தலைவரே?”