மறு காது

புதுக் கூடத்தின் கண்ணாடிக் கூரை வழியே காலை வெயில் இறங்கி, நகரும் பட்டையில் வரிசையாக வரும் போன்களின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. முதல் மேசையில் அக்கா. அவ்வப்போது ஒரு போனை எடுத்துக் கூப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. மறுமுனையில் பேசுவது தங்கை. வாடகை அறையில் இந்தப் போன் செய்யும் கம்பெனி பிறந்த நாளிலிருந்தே இந்த ஜோடிதான். அங்கே ஒரே மேசையின் இரு பக்கமும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். தங்கையின் குரல் ஒரு காதில் போன் வழியாகவும் மறு காதில் நேராகவும் விழும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சைத் தட்டு, இல்லாவிட்டால் சிவப்பு. கம்பெனி கிடுகிடுவென வளர்ந்துவிட்டது. இன்று தங்கைக்குக் கூடத்தின் மறுகோடியில் இடம். நடுவே இயந்திரங்கள், தலைகள், மெல்லிய ஒரே இரைச்சல்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது. எங்கடி இருக்க? கண்ணுலயே படல."

"தூண் பக்கத்துல. கையாட்டறேன் பாரு."

"சாப்டியா?"

"ஊட்டாத குறையா நீதானே போட்ட! இப்ப என்ன கேள்வி?"

குரல் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனாலும் அக்காவின் கை தானாகப் போய்ப் போனைச் சிவப்புத் தட்டில் வைக்கிறது. வைத்த பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது, மறு காதில் ஒன்றுமே விழவில்லை என்று. எழுந்து நின்று பார்க்கிறாள். வெகு தூரத்தில், கட்டைவிரல் அளவில், ஒரு கை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. மறு காதை உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டு, போனைப் பச்சைத் தட்டுக்கு மாற்றுகிறாள்.