கடைசி வார்த்தைக்குச் சாட்சி

"ஏனுங்க எழுத்தாளரே, பட்டாளத்துல நீங்க எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க?"

சரவணம்பட்டி வாசகர் வட்டத்தில் சென்னியப்பனின் ஐம்பதாவது புத்தக வெளியீடு. ஐம்பதும் போர் வரலாறு, இல்லாவிட்டால் போர் நாவல். கேள்வி நேரம் என்று அறிவித்ததுதான் தாமதம், மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார் நஞ்சுண்டன். அவரும் பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்தான்.

"ஒருத்தரையும் சுட்டதில்லீங்க. நான் ஹவில்தார் கிளார்க்கா இருந்தேன்" என்றார் சென்னியப்பன்.

கூட்டத்தில் சலசலப்பு.

"சரிங்க, இந்தப் புத்தகத்துல வர்ற சண்டை நடந்த மலைக்காச்சும் போயிருக்கீங்களா?"

"இல்லீங்க. அடிவாரத்துல கேம்ப் ஆபீஸ்ல இருந்தேன்."

"குண்டு காதோரமா உரசிட்டுப் போச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது யாரோட காதுங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வரலாறுன்னா ரெகார்டு பாத்து எழுதுவேனுங்க. நாவல்னா, போயிட்டு வந்தவங்க சொன்னதோட கொஞ்சம் கற்பனையும் சேரும்."

"கண்ணுல பாக்காதத பாத்த மாதிரி எழுதுனா அதுக்குப் பேரு பொய்யுங்க. பட்டாளத்துக்காரன் பொய் சொல்லலாமுங்களா?"

கையெழுத்து வாங்கக் காத்திருந்த ஒருவர், புத்தகத்தை மெல்லப் பைக்குள் தள்ளினார். ஐந்து நிமிஷம் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டதும் அதே ஆள்தான்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் லேமினேட் செய்த ஒரு கடிதம்.

"அன்னூர்லருந்து வாரேனுங்க. பேரு பொற்கொடி. அந்த மலைச் சண்டைல தவறிப்போன மாசாணத்தோட சம்சாரம். பேப்பர்ல உங்க பேரைப் பாத்துப்போட்டு வந்தேன். இது நீங்க எழுதுனதுங்களா?"

சென்னியப்பன் வாங்கிப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய இரங்கல் கடிதம். தமிழ் தெரியாத அதிகாரியின் கையெழுத்து, அதற்குக் கீழே 'தமிழில் எழுதியவர் சென்னியப்பன்' என்று ஒரு வரி.

"நான் எழுதுனதுதானுங்க."

"'கடைசி மூச்சில் அவர் சொன்னது உங்கள் பெயரைத்தான்'னு இதுல இருக்குதுங்க. நீங்க மலைக்கே போகலைன்னு இப்பச் சொன்னீங்க. அப்ப இதுவும் கற்பனைதானுங்களா?"

"பட்டாளத்த உட்டு வந்தர்றேன்னு சொல்லிட்டிருந்தவரு, இன்னும் ரெண்டு வருசம் அங்கயே இருக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டு லீவுக்கு வந்தாருங்க. எனக்கு வந்த கோவத்துல, இனி இந்த ஊட்டுப் பக்கமே வராதீங்கன்னு சொல்லிப்போட்டேன். அப்படியேதான் போனாரு. வரவே இல்ல. இந்த ஒரு வரியப் படிச்சுப் படிச்சுத்தானுங்க இத்தனை வருசமா சோறு தின்னேன். நெசத்தச் சொல்லிப்போடுங்க."

சென்னியப்பன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அது வந்துங்கம்மா..."

"அவருக்கு என்ன தெரியும்? கீழ உக்காந்திருந்த ஆளு!" என்று குறுக்கே விழுந்தார் நஞ்சுண்டன். "என்னையக் கேளு அம்மணி. மாசாணத்துக்குப் பக்கத்துல இருந்தது நான்தான்."

பொற்கொடி திரும்பினார். "நீங்களா?"

"ஆமா. கீழ வந்ததும் ஆபீசர்கிட்டச் சொன்னேன். அவரு சொல்லித்தான் இவரு எழுதியிருப்பாரு."

"என் பேரைச் சொன்னாருங்களா? முழுப் பேருமா சொன்னாரு?"

நஞ்சுண்டன் ஒரு கணம் தயங்கினார். "அந்தச் சத்தத்துல எங்க அம்மணி முழுசாக் கேக்குது? 'கொடி'ன்னு மட்டுந்தான் காதுல உழுந்துச்சு."

பொற்கொடி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊட்டுல என்னைய அப்படித்தானுங்க கூப்புடுவாரு" என்றார். "கோவமா இருந்தாருங்களா?"

"கோவமா? அடுத்த லீவுக்குப் போயி உன்னையச் சமாதானம் பண்ணோணும்னு எந்நேரமும் அதே பேச்சு. எங்களுக்கே சலிச்சுப்போச்சு."

அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். கும்பிட்டுவிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு அன்னூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

கூட்டம் முடிந்ததும் சென்னியப்பன் ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்தார். வண்டியில் ஏறப்போன நஞ்சுண்டனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். சென்னியப்பனின் கண்ணும் கலங்கியிருந்தது.

"எங்கிட்ட யாருமே சொல்லலீங்க. சர்வீஸ் புக்குல சம்சாரம் பேரைப் பாத்து அந்த வரிய நானாத்தான் எழுதுனேன். பொய் எழுதிட்டமேன்னு இருபத்தாறு வருசமா உறுத்திக்கிட்டே கிடந்துச்சு. அவரு நெசமாவே அதத்தான் சொன்னாருன்னு இன்னிக்குத்தான் தெரியுது. நீங்க பட்டாளத்துல எந்தக் கம்பெனில இருந்தீங்க?"

நஞ்சுண்டன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"மாசாணம் என்ன சொன்னாருன்னு எனக்கெப்படிங்க தெரியும்? அந்த வருசம் பூராவும் நான் ராஜஸ்தான்ல ரேஷன் லாரி ஓட்டிக்கிட்டு இருந்தனுங்க."