பாதி வளையம்

கண் கட்டைப் பிரித்ததும் டாக்டரம்மா "தெரியுதா தாத்தா?" என்று கேட்டார். எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கிறார்கள், எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள். நான் ஆட்டவில்லை.

புரை எடுத்த கண்ணைப் படம் பிடிக்க பெனிட்டா என்ற பெண் காமிராவோடு வந்தாள். லென்ஸின் வாயைச் சுற்றி வளையமாக ஒரு லைட்டு. மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுவந்து லைட்டை அடித்தாள். ஒரே வெள்ளை.

"சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கு. இதுக்கா அறுத்தீங்க?" என்றேன்.

"இது குட்டை லென்ஸ் தாத்தா, ரொம்பக் கிட்ட வரணும். இருங்க."

நீளமான லென்ஸை மாட்டி, அதே வளையத்தை அதன் முனையில் பூட்டிக்கொண்டு, ஒரு கை தூரம் தள்ளி நின்றாள். மறுபடி லைட்டு அடித்தது.

"இப்ப என்ன தெரிஞ்சுது?"

"பாதி வளையம். இடப்பக்கம் இல்ல."

டாக்டரம்மா முகம் செத்துவிட்டது. "அது முழு வளையம் தாத்தா."

நான் விடவில்லை. "என் கண்ணைச் சந்தேகப்படுறதுக்கு முன்னால உங்க லைட்டைப் பாருங்க."

பெனிட்டா எடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். என் கருவிழிக்குள் பாதி வளையம்தான் மின்னிக்கொண்டிருந்தது.

"ஐயையோ டாக்டர், ஒரு பக்கம் எரியவே இல்ல!"

இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டரம்மாவின் முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. வலது புருவத்தில் ஒரு தழும்பு. அவர் சேலையில் இத்தனை கிளிகளா!

"மத்த கண்ணுலயும் புரை கிடக்குதே," என்றேன். "அதை எப்ப அறுப்பீங்க?"