சுவருக்கு அந்தப் பக்கம்

"உங்க பக்கத்துல இந்த மாதிரி மனசு சரியில்லாதவங்களை வெச்சுப் பார்த்துக்கிற வேற ஒரு குடும்பமாவது இருக்காம்மா?" என்று கேட்டார் ஆலோசகர்.

"வேற குடும்பமா? எதுக்கு மேடம்?"

"ஒரு வீட்டுக்காக மட்டும் நர்ஸை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டாங்க. ரெண்டு குடும்பம் சேர்ந்தா போதும். உங்க ஏரியாவிலேயே வாராவாரம் கூட்டம் போடலாம். நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்த்துக்குவாங்க. நீங்களும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருந்துக்கலாம்."

"எங்க தெருவுல அப்படி யாரும் இல்ல மேடம். எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. இந்தத் தலையெழுத்து எங்க வீட்டுக்கு மட்டும்தான்."

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட வேண்டிய சொந்தத் தம்பி மட்டும் வாயைத் திறந்து வெகு நாளாகிவிட்டது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒருநாள் வண்டி நிறைய ஆட்களோடு நடுவழியில் நிறுத்திவிட்டு, இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தான். அதற்கப்புறம் வாசலைத் தாண்டவில்லை.

அவனைத் தன்னோடு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டால் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் நல அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். நல அலுவலகம் இங்கே அனுப்பியது. ஆளைப் பந்தாடுவதில் மட்டும் எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள்.

"வீட்ல அவர் என்னதான் பண்றார்?"

"சுவரோரமா உட்கார்ந்து தட்டிக்கிட்டே இருப்பான். பக்கத்து வீட்டு டீச்சருக்கு அது பொறுக்கல. அவங்களும் அந்தப் பக்கத்துல இருந்து இடிப்பாங்க. தனியா இருக்கிற மனுஷி, எரிச்சல் வரத்தானே செய்யும். அவங்க வீட்டுக்காரர் மகனோட வெளிநாட்டுல இருக்கார். படிக்கட்டுல எதிர்ல வந்தாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க. வீட்டு ஓனர்கிட்ட அவங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், நாங்க ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும்."

"அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிப் பார்த்தீங்களா?"

"ஐயய்யோ! தம்பி வெளியூர்ல வேலை பார்க்கிறான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அப்ப உள்ள இருந்து தட்டுறது யாருன்னு கேட்டா, நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?"

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அலுப்பாக இருந்திருக்க வேண்டும்.

"அப்ப மனநல இல்லம் ஒண்ணுதான் வழி. ரொம்ப தூரம். சேர்த்துட்டா பல மாசத்துக்குப் பார்க்கவும் விட மாட்டாங்க, நெனச்ச நேரத்துல கூட்டிட்டு வரவும் முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தாள். உள்ளே நுழையும்போதே அந்தப் பக்கத்திலிருந்து சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. தம்பி சுவரில் காதை வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். ஒருத்தர் தன் மேல் எரிந்து விழுவதுகூடப் புரியாத அளவுக்கு இவனுக்கு முற்றிவிட்டதே என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழுதால் அதுவும் டீச்சர் காதில் விழுமே.

மறுநாள் ஆலோசகருக்குப் போன் போட்டுச் சரி என்று சொல்லிவிட்டாள்.

இல்லத்து வண்டி ஒரு காலை நேரத்தில் வந்தது. தம்பி முரண்டு பிடிக்கவில்லை. அவள் இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு, அழைத்துப் போக வந்த ஆளோடு வாசல் வரைக்கும் நடந்தான். அங்கே போனதும் என்ன தோன்றியதோ, கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினான். சுவரைத் தட்டினான். உடனே அந்தப் பக்கத்திலிருந்து பலமாக இடி விழுந்தது. அது ஓய்கிற வரைக்கும் சுவரில் கையை வைத்து நின்றுவிட்டு, தானாகவே வந்து வண்டியில் ஏறிக்கொண்டான்.

போகிற நேரத்தில்கூடப் பொறுக்க முடியவில்லையா இந்தப் பொம்பளைக்கு என்று அக்கா பல்லைக் கடித்தாள். வண்டி தெருமுனையில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் கடைக்குப் போனாள். இரண்டு சட்டைகளைத் தீய்த்துவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் திரும்பி வந்தாள். பூட்டில் சாவியைப் போடும்போதே பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. டீச்சர் வெளியே வந்தார். தலை கலைந்திருந்தது.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"வாங்க டீச்சர்! இனிமே ஒரு சத்தமும் வராது. ஆமா, எங்க தம்பிக்குத்தான் மனசு சரியில்ல. வெளியூர்ல இல்ல, உள்ளதான் இருந்தான். இன்னிக்குக் காலையில இல்லத்துல தள்ளிட்டேன். போதுமா? திருப்தியா உங்களுக்கு?"

டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் பஞ்சும் மருந்தும் இருந்தன.

"எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இல்லம்மா, அவரும் உள்ளதான் இருக்கார். எத்தனையோ வருஷமா என் மூஞ்சியைக்கூடப் பார்க்காத மனுஷன், உங்க தம்பி தட்டினா மட்டும்தான் எழுந்து உட்கார்ந்து பதிலுக்குத் தட்டுவார். இன்னிக்குக் காலையில இருந்து தட்டித் தட்டிக் கையெல்லாம் ரத்தம், ஒரே ஒரு தடவை திருப்பித் தட்டச் சொல்லுங்கன்னு கேட்கத்தான் வந்தேன்."