சோப்பு டப்பாவின் சூடு

நூலகர் அம்மா பொழுதுபோக்காகச் செய்து சுவரில் மாட்டிய சோப்பு டப்பாவுக்குள் ஒரு சென்சாரும், எண் காட்டும் சிவப்பு விளக்கும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. அறையின் சூட்டைச் சென்சார் சொல்லும், விளக்கு காட்டும்.

ஒரு மதியம் சென்சார், "முப்பத்தொன்று" என்றது.

"ஐயையோ, புத்தகத்துப் பசையெல்லாம் இளகிடுமே!" என்று விளக்கு பதறிப்போய்ப் பளீரென்று எரிந்தது. அந்தச் சூடு பக்கத்திலிருந்த சென்சாருக்குச் சுள்ளென்று உறைத்தது.

"இப்போ முப்பத்துநாலு!" என்றது நடுங்கிக்கொண்டே. விளக்கு இன்னும் பதறியது. முப்பத்தெட்டு. நாற்பது.

வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதுவரை வேர்க்காதவர்களுக்கும் வேர்த்தது. செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டார்கள். இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள்.

"அண்ணே, வேகமாச் சுத்துங்க! வெந்துபோயிடுவோம்!" என்று மின்விசிறியிடம் கெஞ்சியது சென்சார்.

"எனக்கு ஒண்ணும் சுடலையேப்பா" என்றது மின்விசிறி.

அதைக் காதில் வாங்கச் சென்சாருக்கு ஏது நேரம்? நாற்பத்திரண்டு ஆகியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டப்பாவிலிருந்த எண் அணைந்தது. மின்விசிறியும் நின்றுபோனது.

காற்றே இல்லாத அறையில் ஒருவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்பாடா, இப்பத்தான் குளுகுளுன்னு இருக்கு."