ஆள் தொடாத அம்பு

திருமலைராயன்பட்டினத்து வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பின்னால் சீட்டுக்கட்டு அளவுக் கணினி ஒன்று சிவப்பு விளக்குடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகள் நௌஷின் படிப்புக்காக வாங்கியது. அவள் பள்ளிக்குப் போனபின் கமருன்னிசா பார்ப்பது. நாளை துபாய் திரும்பும் அவள் கணவன் ரிஃபாய், அங்கிருந்தே போன் வழியாக இதை இயக்க வழி செய்து தரச் சொல்லி, கணினி வேலை பார்க்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். முடித்துவிட்டேன். அதற்கு வைக்க வேண்டிய பாஸ்வேர்டை என் காதில் சொல்கிறான். அவனுடைய அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கும் கமருன்னிசாவின் கை நிற்கிறது. “இதுல கேமரா இருக்கா தம்பி?” என்று என்னிடம் கேட்கிறாள். “இல்ல லாத்தா.” “பின்ன என்னத்துக்குக் காதுல ஓதுறாங்க?” ரிஃபாய் சிரிக்கிறான். “ரிப்பேரானா நான் அங்கேர்ந்தே பாத்துக்குவேன் புள்ள, அதுக்குத்தான்.” போனை எடுத்துக்கொண்டு, சோதித்துப் பார்க்க மாடிக்குப் போகிறான். தெருவில் மீன் வண்டியின் ஹார்ன் தேய்ந்து மறைகிறது. ஜன்னல் வெயில் டிவியின் தூசியைக் காட்டுகிறது. டிவித் திரையில், யாரும் தொடாத மவுஸ் அம்பு அசைகிறது. நௌஷினின் பாடங்களைத் தாண்டிப் போகிறது. இந்த மாதம் டிவியில் தேடிப் பார்த்தவற்றின் பட்டியலைத் திறக்கிறது. இறால் தொக்கு, ஜாக்கெட் கை வெட்டுவது, மறுபடி இறால் தொக்கு. ஒவ்வொரு வரியிலும் அம்பு நின்று நின்று இறங்குகிறது. அவன் மாடியில் செய்வதெல்லாம் இங்கே தெரியும். அதை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. “வேலை செய்யுதா?” மாடியிலிருந்து குரல் வருகிறது. “செய்யுதுங்க,” என்கிறாள் கமருன்னிசா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்க எங்க போவுதுன்னும் தெரியுதுங்க.” அம்பு இருந்த வரியிலேயே நின்றுவிடுகிறது.